விலைக் குறியீட்டெண் தயாரிப்பது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் வேலை பார்த்த அமைப்பில் ஊழியர்களின் படியை ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். அதற்கென்று ஒரு விலைக் குறியீட்டெண் வேண்டும், அதாவது ஒரு காலத்து விலையை 100 என்று வைத்து, பிறகு விலை எவ்வளவு மாறியது என்று காட்டும் எண். தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சூத்திரம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, எக்செல் இருக்கிறது, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். நம்பிக் கொடுக்கக்கூடிய முதல் எண் வருவதற்குப் பதினாறு மாதம் ஆனது.

கணக்குப் போடுவது இதில் மிகச் சிறிய வேலை. போன மாதம் விலை பார்த்த அதே பொருளுக்குத்தான் இந்த மாதமும் விலை பார்த்தோமா என்று உறுதி செய்வதில்தான் முக்கால்வாசி உழைப்பு போகிறது. இதை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் ஆறு மாதமாவது மிச்சமாகியிருக்கும். உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்தக் கேள்விக்கான எண் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"விலைவாசி எவ்வளவு ஏறியது?" என்று மட்டும் கேட்டால் வேலை நகராது. யாருக்கு ஏறியது? எந்த இடத்தில்? எந்த மாதத்திலிருந்து எந்த மாதத்துக்கு? படியையோ ஊதியத்தையோ மாற்றுவதற்கு என்றால் நுகர்வோர் கடையில் உண்மையில் கொடுக்கும் விலை வேண்டும். அதாவது வரி சேர்த்து, எல்லோருக்கும் கிடைக்கும் தள்ளுபடி போக. உற்பத்தியாளர் விலைக் குறியீட்டெண் என்றால் கதை வேறு. உற்பத்தியாளர் கைக்கு வரும் தொகைதான் அங்கே விலை. விற்பனை வரி அதில் சேராது.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். வருமான வரி, கடன் தவணையில் அசல், பங்குகளில் போடும் பணம் எல்லாம் வீட்டுப் பணத்திலிருந்துதான் போகின்றன. ஆனால் அவை நுகர்வுச் செலவு அல்ல, கூடைக்குள் (விலை பார்க்கும் பொருள்களின் பட்டியலுக்குள்) வராது. நான் இதை எழுதி வைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் கடன் தவணையைச் சேர்க்கச் சொல்வார், விவாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

முதலாவது, செலவுக் கணக்கு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு நிறை, அதாவது மொத்தச் செலவில் அதன் பங்கு எவ்வளவு என்பது இதிலிருந்துதான் வரும். குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு ஒன்றின் விரிவான அட்டவணை கிடைத்தால் நல்லது. சுருக்க அட்டவணை போதாது. "உணவு 40 சதவீதம்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு உணவுக்குள் எதற்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. விரிவான அட்டவணையைக் கேட்டு வாங்க வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் முதல் நாளே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். இன்னொன்று: மது, புகையிலைச் செலவை மக்கள் கணக்கெடுப்பில் குறைத்துச் சொல்வார்கள் என்பது எல்லா நாட்டுப் புள்ளியியலாளர்களும் அறிந்தது. அந்த இரண்டுக்கும் விற்பனைத் தரவு கிடைத்தால் ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

இரண்டாவது, வகைப்பாட்டுப் பட்டியல். சொந்தமாக ஒன்றை உருவாக்க வேண்டாம். நுகர்வுச் செலவை நோக்கத்தின்படி பிரிக்கும் ஐ.நா. வகைப்பாடு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1999 பதிப்பில் குடும்பங்களின் செலவு 12 பிரிவுகளாகவும், 2018 பதிப்பில் 13 பிரிவுகளாகவும் இருக்கிறது. காப்பீடும் நிதிச் சேவைகளும் புதிய பதிப்பில் தனிப் பிரிவு. உங்கள் செலவு அட்டவணை பழைய பதிப்பிலும், பொருள் பட்டியல் புதிய பதிப்பிலும் இருந்தால் நிறைகள் தப்பான இடத்தில் போய் உட்காரும். இரண்டும் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது, விலை பார்க்கும் கடைகளின் பட்டியல். நான்காவது, விலைப் படிவம். ஐந்தாவது ஒரு சாதாரண நோட்டு. எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தேதி போட்டு அதில் எழுதுங்கள். ஓராண்டு கழித்து "இந்தப் பொருளை ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்பார்கள். நினைவை நம்பிப் பதில் சொல்ல முடியாது.

3. பொருளை எழுத்தில் கட்டிப்போடுங்கள்

கூடையில் எத்தனை பொருள் வைப்பது என்று பலர் நாள்கணக்கில் யோசிக்கிறார்கள். செலவில் பெரும் பங்கு பிடிக்கும் பொருள்கள் எல்லாம் இருக்க வேண்டும். சிறு பொருள்களில், ஒரே போக்கில் விலை மாறும் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு பிரதிநிதி போதும். அவ்வளவுதான். அந்த நாள்களை விவரக்குறிப்பு எழுதச் செலவிடுங்கள்.

என் முதல் படிவத்தில் "குளியல் சோப்பு, ஒன்று" என்று மட்டும் இருந்தது. முதல் மாதம் போனவர் 125 கிராம் கட்டியின் விலையை எழுதினார். இரண்டாம் மாதம் வேறொருவர் போனார். நான்கு கட்டி சேர்ந்த பொட்டலத்தின் விலையை நான்கால் வகுத்து எழுதினார். மூன்றாம் மாதம் அந்தக் கடையில் 100 கிராம் கட்டிதான் இருந்தது. மூன்று பேரும் நேர்மையாகத்தான் வேலை செய்தார்கள். ஆனால் மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு பொருள்களின் விலை. சோப்பின் விலை ஏறியதா இறங்கியதா என்று அந்த வரிசையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவாவது எழுதுங்கள்: பொருளின் பெயர், பிராண்டு, ரகம், அளவு, அலகு, தனியாகவா பொட்டலமாகவா, கடையின் குறியீடு, பார்த்த தேதி, விலை, அது தள்ளுபடி விலையா இல்லையா, போன மாதத்திலிருந்து ஏதாவது மாறியிருக்கிறதா. கடைசி இரண்டு கட்டங்களை எல்லோரும் விட்டுவிடுவார்கள். அவை காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

படிவத்தில் போன மாத விலையை அச்சிட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. கொடுத்தால், கடைக்குப் போகாமலே அதே விலையை எழுதிவிடும் ஆசை வரலாம். கொடுக்காவிட்டால், 45 என்பதை 450 என்று எழுதியது அங்கேயே பிடிபடாது. பொருளின் விவரத்தை மட்டும் முழுதாக அச்சிட்டு, போன மாத விலையை மேற்பார்வையாளரிடம் வைத்திருப்பது எங்களுக்குச் சரியாக வந்தது.

4. செலவையும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்

60 பொருள், ஒவ்வொன்றிலும் 3 ரகம், 5 கடை. அப்படியென்றால் மாதம் 900 விலை. ஒரு விலைக்கு 4 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 3,600 நிமிடம், அதாவது 60 மணி நேரம். போய்வரும் நேரம், தரவு ஏற்றும் நேரம், சரிபார்க்கும் நேரம் எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்கைப் போடாமல் பட்டியலை நீட்டிக்கொண்டே போனால் நான்காவது மாதம் ஆள் கிடைக்காது. பொருளைக் குறைத்தாலும் பரவாயில்லை, மாதம் தவறாமல் ஒழுங்காகப் பார்க்க முடிகிற அளவோடு நிறுத்துங்கள்.

விலை பார்க்கும் நாளையும் நிலையாக வையுங்கள். அதே கடை, மாதத்தின் அதே வாரம், வாரத்தின் அதே நாள். அடிக்கடி விலை மாறும் காய்கறி, பழம் போன்ற பொருள்களை மாதத்துக்கு இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டியிருக்கும். வாடகை, கல்விக் கட்டணம் போன்றவற்றை அவ்வளவு அடிக்கடி பார்க்கத் தேவையில்லை.

அப்புறம், இரண்டு மாத வெள்ளோட்டம் கட்டாயம். அந்த இரண்டு மாத விலையைத் தூக்கிப் போட்டாலும் நஷ்டமில்லை. விவரக்குறிப்பில் இருக்கும் ஓட்டைகள் எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

5. அடிப்படைக் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு மாதத்தை 100 என்று வைக்காதீர்கள். அந்த மாதம் பருவத்தின் காரணமாக விலை தாழ்ந்திருந்தால் அடுத்து வரும் எல்லா மாதங்களும் விலையேற்றம் போலவே தெரியும். பன்னிரண்டு மாதச் சராசரியை 100 ஆக வையுங்கள். பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லாத ஆண்டாகப் பாருங்கள்.

அதற்காகப் பன்னிரண்டு மாதம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முதல் மாதத்தைத் தற்காலிகமாக 100 என்று வைத்து உள் உபயோகத்துக்குக் கணக்கிட்டு வாருங்கள். ஆண்டு முடிந்ததும் எல்லா எண்களையும் ஆண்டுச் சராசரியால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் தொடர் புதிய அடிப்படைக்கு மாறிவிடும். மாதங்களுக்கிடையே உள்ள சதவீத மாற்றம் மாறாது.

6. விடுபட்ட விலை: பெரும்பாலோர் விழும் பள்ளம்

மூன்றாவது மாதம் எனக்கு வந்த கணக்கு, ஒரு பொருளின் விலை 5.5 சதவீதம் இறங்கிவிட்டது என்றது. கடைக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் ஏறியிருக்கிறது என்றார்கள். படிவங்களை எடுத்துப் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

மூன்று கடைகள். போன மாத விலை 40, 50, 60. சராசரி 50. இந்த மாதம் முதல் கடையில் 42, இரண்டாவதில் 52.50. மூன்றாவது கடையில் சரக்கு இல்லை, கட்டம் காலி. எக்செல் காலிக் கட்டத்தை விட்டுவிட்டு இருக்கும் இரண்டுக்கும் சராசரி போட்டது: 47.25. ஐம்பதோடு ஒப்பிட்டால் 94.5. விலை பார்த்த இரண்டு கடையிலும் 5 சதவீதம் ஏற்றம், ஆனால் எண் காட்டுவது இறக்கம். விலை அதிகமான கடை கணக்கிலிருந்து காணாமல் போனதுதான் காரணம்.

சரியான வழி: இரண்டு மாதமும் விலை கிடைத்த கடைகளை மட்டும் ஒப்பிடுங்கள். 90 இலிருந்து 94.50, ஆக 105. மூன்றாவது கடைக்கு 60 ஐ அதே 5 சதவீதம் உயர்த்தி 63 என்று மதிப்பீடு எழுதிக்கொள்ளுங்கள். அது மதிப்பீடு என்று தெரிய வேறு நிறம் கொடுங்கள். அடுத்த மாதம் சரக்கு வந்து உண்மையான விலை கிடைத்தால் அதை இந்த 63 உடன் ஒப்பிட வேண்டும்.

போன மாத விலையையே இந்த மாதமும் எழுதிவிடுவது இன்னொரு பழக்கம். வேண்டவே வேண்டாம். மாற்றமே இல்லை என்று நாமாகச் சொல்வதாகிவிடும், எண் மெதுவாகச் செத்துக்கொண்டே போகும். பிறகு ஒருநாள் சரக்கு வரும்போது மொத்த ஏற்றமும் ஒரே மாதத்தில் குதிக்கும். அரசு நிர்ணயிக்கும் கட்டணம் போல, மாறவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த விலைக்கு மட்டுமே இது பொருந்தும்.

7. பொருளே மாறிவிட்டால்

500 கிராம் பொட்டலம் அதே விலையில் 450 கிராம் ஆகிவிடுகிறது. விலைச் சீட்டில் மாற்றம் இல்லை. ஆனால் ஒரு கிராமுக்கு நீங்கள் கொடுப்பது 11.1 சதவீதம் கூடிவிட்டது. படிவத்தில் அளவுக்கென்று தனிக் கட்டம் இல்லாவிட்டால் இந்த ஏற்றம் கண்ணிலேயே படாது.

பழைய மாடல் போய்ப் புதிய மாடல் வருவது இதைவிடக் கடினம். பழைய கைபேசி 200, புதியது 260. இந்த 60 முழுவதும் விலையேற்றமா? இல்லை, தரம் கூடியதற்கும் சேர்த்துத்தான். இரண்டும் ஒரே மாதத்தில் ஒன்றாக விற்பனையில் இருந்தால் இரண்டின் விலையையும் அந்த மாதம் எடுத்துவிடுங்கள். அந்த மாதம் வரை பழையதன் மாற்றம், அதற்குப் பிறகு புதியதன் மாற்றம். அடுத்த மாதம் புதியது 273 ஆனால் குறியீட்டெண்ணில் ஏறுவது 5 சதவீதம்தான். 200 ஐயும் 273 ஐயும் நேராக ஒப்பிடக் கூடாது. இதற்காகத்தான், ஒரு பொருள் கடையிலிருந்து மறையப்போகிறது என்று தெரிந்தவுடனே மாற்றுப் பொருளின் விலையையும் சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். மறைந்த பிறகு தேடினால் இந்த வழி கிடைக்காது. இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு: பழைய மாடலைக் கழித்துக்கட்டும் விலையில் விற்கும் மாதமாக அது இருந்தால் ஒப்பீடு கோணும்.

8. ஒரே பொருளின் பல விலைகளை ஒன்றாக்குவது

பல கடை விலைகளிலிருந்து ஒரு பொருளுக்கு ஒரே எண். இங்கே மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு கடையின் விலை விகிதத்தையும் (இந்த மாத விலையைப் போன மாத விலையால் வகுத்து 100 ஆல் பெருக்கியது) கண்டு கூட்டுச் சராசரி எடுப்பது கார்லி முறை. சராசரி விலைகளை எடுத்து அவற்றின் விகிதம் காண்பது டூட்டோ முறை. விலை விகிதங்களின் பெருக்குச் சராசரி (இரண்டு எண் என்றால் அவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது) ஜெவன்ஸ் முறை.

கார்லியை எடுக்காதீர்கள். ஏன் என்று பாருங்கள். ஒரு கடையில் 10 இலிருந்து 20, இன்னொன்றில் 20 இலிருந்து 10. விகிதங்கள் 200, 50. கூட்டுச் சராசரி 125. அடுத்த மாதம் இரண்டும் பழைய விலைக்கே திரும்புகின்றன. மறுபடி 125. இரண்டையும் சங்கிலியாக இணைத்தால், அதாவது 1.25 ஐ 1.25 ஆல் பெருக்கினால், 156.25. விலை ஒன்றுமே மாறாமல் 56 சதவீதம் பணவீக்கம்! ஜெவன்ஸ் முறையில் இரண்டு மாதமும் 100 தான் வரும், ஏனென்றால் 200, 50 இரண்டின் பெருக்குச் சராசரி 100. பாடத்தில் காலமாற்றுச் சோதனை என்று படிப்பது இதைத்தான்.

டூட்டோ ஒரே அலகில் உள்ள ஒரே மாதிரிப் பொருளுக்குப் பரவாயில்லை. ரகங்களிடையே விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் விலை கூடிய ரகமே எண்ணை இழுத்துக்கொண்டு போகும். சந்தேகம் இருந்தால் ஜெவன்ஸ். அதில் சுழி விலையை மட்டும் சேர்க்க முடியாது. இலவசமாகக் கிடைத்த மாதத்தைத் தனியாகக் கையாள வேண்டும்.

9. நிறை போட்டுச் சேர்ப்பது

மூன்று பொருளை வைத்துப் பார்ப்போம். முதல் பொருளின் விலை 20 இலிருந்து 30, வாங்கிய அளவு 10 இலிருந்து 8. இரண்டாவதன் விலை 50 இலிருந்து 55, அளவு 4, அதில் மாற்றமில்லை. மூன்றாவதன் விலை 100 இலிருந்து 90, அளவு 6 இலிருந்து 8.

நிறையே போடாமல் விலைகளைக் கூட்டினால் 175 ÷ 170, அதாவது 102.9. விலை விகிதங்களின் கூட்டுச் சராசரி எடுத்தால் 150, 110, 90 மூன்றுக்கும் 116.7. ஒரே தரவு, எவ்வளவு தூரம் பாருங்கள். இரண்டிலுமே, மக்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பது இல்லை.

லாஸ்பியர் முறையில் அடிப்படை ஆண்டின் அளவுகளை அப்படியே வைத்துக்கொள்கிறோம். அந்தக் கூடை அன்று 200 + 200 + 600 = 1,000. இன்றைய விலையில் 300 + 220 + 540 = 1,060. குறியீட்டெண் 106. பாசி முறையில் நடப்பு ஆண்டின் அளவுகள்: பழைய விலையில் 1,160, இன்றைய விலையில் 1,180, எண் 101.7. இரண்டின் பெருக்குச் சராசரிதான் ஃபிஷர் எண், 103.8.

விலை ஏறியதை மக்கள் குறைத்துக்கொண்டு, விலை இறங்கியதைக் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். லாஸ்பியர் அதைப் பார்ப்பதில்லை, அதனால் பெரும்பாலும் பாசியைவிட மேலே நிற்கும். ஃபிஷர் தரமானதுதான். ஆனால் நடப்பு மாதத்தின் அளவுகள் அந்த மாதமே கையில் இருக்காது. மாதாமாதம் வெளியிட லாஸ்பியர் வகை, நடப்பு அளவு கிடைத்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஃபிஷர். என் பரிந்துரை இதுதான்.

நடைமுறையில் அளவுகள்கூடத் தேவையில்லை, செலவுப் பங்கு போதும். மேலே உள்ள பங்குகள் 20, 20, 60 சதவீதம். 150 இல் 20 சதவீதம் 30, 110 இல் 20 சதவீதம் 22, 90 இல் 60 சதவீதம் 54. கூட்டினால் அதே 106.

ஒரு கண்ணி: செலவுக் கணக்கெடுப்பு பழைய ஆண்டுடையது, விலை அடிப்படை ஆண்டு புதியது. 20 சதவீதப் பங்குள்ள பொருளின் விலை இடையில் 50 சதவீதம் ஏறி, மற்றவை ஏறாமல் இருந்தால், அளவு மாறவில்லை என்ற அனுமானத்தில் அதன் பங்கு 30 ÷ 110, அதாவது 27.3 சதவீதம் ஆகிவிடும். அளவுகளை நிலையாக வைப்பதே நோக்கம் என்றால் இப்படி விலை ஏற்றத்துக்குத் தக்கபடி பங்கைத் திருத்த வேண்டும். பங்குகளையே நிலையாக வைப்பதென்றால் திருத்தக் கூடாது. எதைச் செய்தாலும் நோட்டில் எழுதி, எல்லாப் பொருளுக்கும் அதையே செய்யுங்கள்.

10. வெளியே கொடுக்கும் முன்

நிறைகளின் கூட்டல் சரியாக 100 வருகிறதா? ஒரு பொருளின் விலை ஒரே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாறியிருந்தால் கடைக்குத் திரும்பப் போய்ப் பார்த்தீர்களா? மொத்த மாற்றத்தில் எந்தப் பொருள் எவ்வளவு பங்களித்தது என்று ஒரு அட்டவணை போடுங்கள். எங்கள் பிழைகளில் பாதி அந்த அட்டவணையில்தான் பிடிபட்டன. கணக்கின் நடுவில் தசமங்களை வெட்டாதீர்கள், கடைசியில் மட்டும் ஒரு தசமத்துக்குச் சுருக்குங்கள்.

அறிக்கை எழுதும்போது புள்ளியையும் சதவீதத்தையும் குழப்ப வேண்டாம். 120 இலிருந்து 126 என்பது 6 புள்ளி, ஆனால் 5 சதவீதம். படி உயர்வு 6 சதவீதம் என்று எழுதிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

11. நிறைகளைப் புதுப்பித்துப் பழைய தொடரோடு இணைப்பது

உழைப்புப் புள்ளியியலாளர்களின் 2003 சர்வதேச மாநாட்டுத் தீர்மானம் நிறைகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. முடிந்தால் அதற்கும் முன்பே செய்யுங்கள். ஆனால் மாதாமாதம் நிறையை மாற்றிச் சங்கிலி கட்ட வேண்டாம். தள்ளுபடி மாதத்தில் மக்கள் அள்ளி வாங்கிவிட்டு, விலை திரும்பிய பிறகு வாங்காமல் இருக்கும்போது, விலை பழைய இடத்துக்கே வந்தாலும் எண் வேறெங்கோ போய் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை இணைப்பது பாதுகாப்பு.

இணைப்பதற்குப் பழையதும் புதியதும் ஒன்றின் மேல் ஒன்று ஓடும் காலம் வேண்டும். பன்னிரண்டு மாதம் இரண்டையும் கணக்கிடுவது நல்லது. வேலை இரட்டிப்பாகும் என்பதால் ஆளையும் பணத்தையும் முந்தைய ஆண்டே கேட்டு வையுங்கள். அந்த ஆண்டில் பழைய தொடரின் சராசரி 160, புதியது 100 என்றால் இணைப்புக் காரணி 1.6. புதிய தொடர் 110 க்கு வரும்போது பழைய கணக்கில் அது 176. ஒப்பந்தங்களில் பழைய எண்ணைக் குறிப்பிட்டவர்களுக்கு இந்தக் காரணி இல்லாமல் வேலை ஓடாது, அதனால் புதிய தொடரின் முதல் வெளியீட்டிலேயே, முதல் பக்கத்திலேயே அதை அச்சிடுங்கள். பழைய விலைப் படிவங்களைத் தூக்கிப் போட வேண்டாம். எங்களுக்கு இரண்டு ஆண்டு கழித்து ஒரு திருத்தம் வந்தபோது, பெட்டியிலிருந்த அந்தத் தாள்களை வைத்துத்தான் முழுத் தொடரையும் மறுபடி கணக்கிட்டோம்.